விடுமுறைப் பயணமும் இளையோர் உள்ளமும்
(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கோடை விடுமுறையில் நம்மவர் பலர் தம் மக்களுடன் தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் முதலிய இடங்களுக்குச் சென்று வருகின்றனர். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் உடலால் உடன்வந்து உள்ளத்தால் வாராதிருத்தலைப் பெற்றோர் எம்மிடம் கூறி வருந்துவதுண்டு. அதன் காரணத்தைப் பிள்ளைகளிடம் தேடுமுன் நம் வளர்ப்பு முறையிலே தேடுதல் தகும் என்பதே யாம் சொல்லப் புகுந்தது.

அமெரிக்க உளநூலறிஞர் டயானா பாம்ரிண்ட் அம்மையார் 1966-ஆம் ஆண்டில் பெற்றோரை மூவகையாகப் பகுத்துரைத்தார். காரணங் கூறாது ஆணையிடுவோர், கேட்டதற்கெல்லாம் இணங்குவோர், அன்பும் வரம்பும் ஒருங்குடையோர் என்பார் அம்மூவர். 1983-இல் மக்கோபி, மார்ட்டின் என்னும் அறிஞர் இருவர் பாராமுகமாயிருப்போரையும் சேர்த்து நால்வகையாக்கினர்.

இவ்வேறுபாடு ஒரு பயணத்திலேயே புலனாகும். ஆணையிடுவோர் மகன் விடியுமுன் எழுந்து புறப்படுவான். ஆயினும் அவனை எழுப்பியது அச்சமே. இணங்குவோர் மகனுக்குத் தின்பண்டமும் கைப்பேசியுமே பயணமாய் முடியும். பாராமுகத்தார் மகனோ, தந்தையார் வழிநெடுகத் தம் தொழிலையே பேசிவரக் கண்டு, தானும் தனியே ஒதுங்குவான்.

நிற்க. பரிசு காட்டி அழைத்துச் செல்வோரும் உளர். எட்வர்ட் டெசி என்பார் 1971-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், புதிர் விடுவிக்கும் மாணாக்கர் சிலர்க்குப் பணங் கொடுத்துப் பின் நிறுத்தியபோது, அவர்க்கு அப்புதிரில் இருந்த நாட்டம் குறைந்தது. கூலி நின்றவிடத்து விருப்பமும் நிற்குமென்பது இதனாற் பெறப்படும்.

பின் செய்யத்தக்கது யாது? செலவின் அளவும் திரும்பும் நாளும் பெற்றோர் வரையறுக்க. அவ்வெல்லைக்குள் எவ்வூர் முதலிற் காண்பது, எங்கு எவ்வளவு நேரந் தங்குவது என்பவற்றைப் பிள்ளைகளே முடிவு செய்க. பேருந்து நேரம் பார்த்தலும் கணக்கெழுதுதலும் அவர் பொறுப்பாகுக. பிழை நேரின் பிறர்முன் கடியற்க. மகனைக் கேட்டு, மகளை மூட்டை கட்ட மட்டும் ஏவும் வழக்கம் நம் இல்லங்களிற் பலவற்றில் உண்டு. அஃது ஒழிதல் வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் நிறைவித்த இராசராசன், தான் வாழ்ந்த காலத்திலேயே, 1012-இல், மகன் இராசேந்திரனுக்கு ஆட்சியிற் பங்கு தந்தான். பேரரசையே மகனொடு பகிர்தல் கூடுமாயின், நான்கு நாட் பயணத்தைப் பகிர்தல் அரிதாமோ?

அன்பர்களே! இன்னுஞ் சில ஆண்டுகளில் இப்பிள்ளைகள் கல்விக்கும் தொழிலுக்கும் வேற்றூர் செல்வர். அப்பொழுது அவரை வீட்டிற்கு வருவிக்க நம் ஆணைக்கு வலியிராது. அவர்தம் விருப்பம் ஒன்றே வருவிக்கும். அவ்விருப்பத்தை இப்போதே விதைத்தல் நம் கடன்.