வாயும் மீண்டால்தான் நோய் தீர்ந்தது

அறக்கட்டளைச் சொற்பொழிவு, சிந்தாதிரிப்பேட்டை

நூற்போரையும் நெய்வோரையும் குடியமர்த்த 1734-இல் உருவானது இந்தச் சிந்தாதிரிப்பேட்டை. பெரிய கிழிசலின் ஓரங்களை இழுத்துத் தைத்தால் துணி முழுவதும் கோணிவிடும், வேறு துணி வைத்துத்தான் ஒட்டுப்போட வேண்டும் என்பதை இந்த ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. வாய்ப்புற்று அறுவையும் அப்படித்தான். கன்னச் சதையையும் தாடையையும் எடுத்த இடத்தை இழுத்து மூடினால் வாய் திறக்காது, நாக்கு புரளாது, எச்சில் வழியும். ஆகவே, எடுத்த இடத்தில் உயிருள்ள திசுவை வைத்துச் சீரமைப்பது அழகுக்கான வேலை அன்று. அது புற்றுநோய்ச் சிகிச்சையின் பாதி. இன்று நான் நிறுவ வருவது இது ஒன்றைத்தான்.

புகையிலையும் வெற்றிலைபாக்கும் கன்னத்தில் அடக்கிப் பழகிய நம் நாட்டில் இந்த நோய் பெரும்பாலும் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் இதை நேருக்கு நேர் கண்டது. அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும், மக்கள் 'கரண்டு வைப்பது' என்று சொல்லும் கதிர்வீச்சோடு பிளியோமைசின் மருந்தையும் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களைவிட இரண்டும் பெற்றவர்களுக்குக் கட்டி நன்றாகக் கரைந்ததை 1977-இல் வெளியிட்டனர். கட்டி கரைந்தால் வாயும் தாடையும் தப்பும். ஆனால் எலும்பை அரித்துவிட்ட புற்றுக்குக் கத்திதான் வழி. அங்கேதான் அடுத்த கேள்வி எழுகிறது: எடுத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது?

1979-இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டீஃபன் அரியன் ஒரு விடை தந்தார். மார்பின் பெருந்தசையையும் அதன்மேல் உள்ள தோலையும், காறையெலும்புக்குக் கீழிருந்து வரும் ரத்தக்குழாயை அறுக்காமலேயே, கழுத்துத் தோலுக்கு அடியில் செலுத்தி வாய்க்குக் கொண்டுவருவது அந்த முறை. நுண்ணோக்கி தேவையில்லை, ஒரே அறுவைக் குழு போதும். தாடையின் முன்வளைவே போய்விட்டால், காலின் சிற்றெலும்பை அதன் மேல்தோலோடும் ரத்தக்குழாயோடும் எடுத்துத் தாடை வடிவில் வெட்டி அமைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழாய்களை முடியினும் மெல்லிய நூலால் கழுத்துக் குழாய்களோடு இணைக்கும் நுண்ணறுவை செய்கிறார்கள். அன்றிரவு செவிலியர் அந்தத் தோலை ஊசியால் குத்திப் பார்ப்பார். சிவந்த ரத்தம் துளிர்த்தால் திசு வாழ்கிறது. கறுத்து விரைவாகக் கசிந்தால் சிரை அடைத்திருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் தமனி அடைத்திருக்கிறது. அடைப்பு எதுவானாலும் உடனே மீண்டும் அறுவை அரங்குக்குக் கொண்டுபோக வேண்டும்.

உயிர் பிழைத்தால் போதாதா, முகம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சீரமைப்பு உயிரையும் சேர்த்தே காக்கிறது என்பதுதான் என் பதில். மூட வழி உண்டு என்று தெரிந்த மருத்துவரே புற்றின் ஓரம் மிச்சம் விடாமல் துணிந்து வெட்டுவார். கதிர்வீச்சு தேவைப்படுவோருக்கு அறுவைக்குப் பின் ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் அதைத் தொடங்கியாக வேண்டும். புண் பிளந்து எச்சில் கசிந்துகொண்டிருந்தால் அந்தக் கெடு தவறும். மேலும், பிழைப்பவர்கள் இப்போது பெருகுகிறார்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தொடக்கநிலை வாய்ப்புற்றுக்கு முதல் அறுவையிலேயே கழுத்து நிணநீர்க் கணுக்களையும் நீக்கியவர்களில் மூன்றாண்டு பிழைத்தவர்கள் 80 விழுக்காடு; கணுவில் நோய் தெரிந்த பிறகு நீக்கியவர்களில் 67.5 விழுக்காடு. இப்படிப் பிழைப்பவர்கள் எல்லோரும் தினமும் மூன்று வேளை உண்ண வேண்டியவர்கள்.

தடித்த தசை போர்த்தினால் திரும்பி வரும் நோய் மறைந்துவிடும் என்பது இன்னொரு தடை. முன்பு அதில் நியாயம் இருந்தது. இன்று ஸ்கேன் உள்ளே பார்த்துச் சொல்கிறது. அரசு மருத்துவமனைக்கு இவ்வளவு நேரமும் பணமும் கட்டுமா என்ற கேள்வி கனமானது. எல்லாருக்கும் நுண்ணறுவை வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு மார்புத்தசையே போதும். தாடை வளைவை இழந்தவருக்கு மட்டும் கால் எலும்பை ஒதுக்கலாம். வருமுன் காப்பதே மேல் என்பதும் உண்மைதான். அதற்காக வந்துவிட்டவரைப் பாதியில் விடலாகாது.

ஆகவே, வாய்ப்புற்று ஆய்வுகள் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று மட்டும் எண்ணினால் போதாது. ஓராண்டுக்குப் பின் வாய் மூன்று விரல் அகலம் திறக்கிறதா, சோறு பிசைந்து உண்ண முடிகிறதா, தொலைபேசியில் பேசினால் மறுமுனையில் இருப்பவருக்குப் புரிகிறதா என்பதையும் ஒவ்வொரு மருத்துவமனையும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். குறித்து வைத்தால்தான் எந்த முறை யாருக்குப் பொருந்துகிறது என்று நம் நோயாளிகளைக் கொண்டே நாம் அறிய முடியும்.