நான் பிறந்த வருஷத்துப் பனி

(உறுப்பினர் சந்திப்பில் பேசியது)



போன ஆனி மாதம் பிள்ளை எங்களை அலாஸ்காவில் சீவார்ட் என்ற துறைமுக ஊருக்கு அழைத்துப் போனான். அங்கிருந்து கீனாய் ஃபியர்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் படகில் ஒரு நாள் பயணம். விரிகுடாவைத் தாண்டியதும் படகு ஆடிய ஆட்டத்தில், என் சகதர்மிணி கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதம் திறக்கப்படவே இல்லை!

கடல் நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்தபடி வயிற்றின் மேல் சிப்பியை வைத்து உடைத்துத் தின்றது. பாறைகளில் கடற்சிங்கங்கள் ஒன்றையொன்று உறுமிக்கொண்டு கிடந்தன.

ஹோல்கேட் பனியாற்றின் முன் என்ஜினை நிறுத்தினார்கள். நிசப்தம். கண்ணெதிரே நீலச் சுவர். திடீரென்று வீடு போன்ற பாளம் சரிந்தது. இடிச் சத்தம் பிறகுதான் வந்தது. எல்லோரும் கை தட்டினோம். அப்படி உடைந்து மிதக்கும் துண்டுகளின் மேல்தான் சீல்கள் குட்டிகளோடு படுத்திருக்கின்றன. ஆகவே பனி உடைவது இயற்கைதான். உடைந்ததை ஈடுகட்ட மேலே போதிய பனி சேரவில்லை என்பதே கவலை.

மறுநாள் எக்ஸிட் பனியாற்றுக்கு நடந்தோம். எந்த வருஷம் பனி எதுவரை இருந்தது என்று வழியெல்லாம் பலகை. 1951, நான் பிறந்த வருஷம். அங்கே இப்போது மரங்கள்.

"தாத்தா, நீ பொறந்தப்போ ஐஸ் இங்கேயா இருந்தது?" என்றான் பேரன்.

"ஆமாண்டா."

அவன் பிறந்த 2010-க்கும் பலகை உண்டு. ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றான். அங்கேயும் வெறும் பாறைதான்.