அரசு ஊழியரும் அரசியலும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்கப் பள்ளிகளில் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் நான். குடிமையியல் பாடம் நடத்தும்போது மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, குடிமக்கள் அனைவர்க்கும் பேச்சுரிமை உண்டு என்கிறீர்கள். அப்படியானால் ஓர் எழுத்தரோ ஆசிரியரோ தேர்தல் மேடையில் ஏறிப் பேசக் கூடாது என்பது எவ்வாறு நியாயமாகும்?" என்பதே அது. நல்ல கேள்வி. அதற்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் சட்டம் சொல்வதைக் காண்போம். மத்திய அரசு ஊழியர்க்கென 1964 ஆம் ஆண்டில் நடத்தை விதிகள் வகுக்கப்பட்டன. அவற்றின் ஐந்தாம் விதிப்படி, ஊழியர் எவரும் அரசியல் கட்சியில் உறுப்பினராதல் கூடாது. அரசியல் இயக்கத்துக்கு நன்கொடை அளித்தல் கூடாது. தேர்தலில் எவர்க்காகவும் வாக்குச் சேகரித்தல் கூடாது. தம் உடலிலோ வண்டியிலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டுவதுகூட, தம் செல்வாக்கைத் தேர்தலில் பயன்படுத்துவதாகவே கருதப்படும். ஆயினும் வாக்களிக்கும் உரிமையை விதி பறிக்கவில்லை. யாருக்கு வாக்களித்தோம் என்பதைக் குறிப்பாலும் வெளியிடலாகாது என்று மட்டுமே கூறுகிறது. மாநில அரசு ஊழியர்க்கும் இத்தகைய விதிகள் உண்டு.

1951 ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இன்னும் கடுமையானது. தேர்தல் பணியில் இருப்பவர் ஒரு வேட்பாளரின் வெற்றிக்காகச் செயற்பட்டால், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். அரசு ஊழியர் ஒருவர் வேட்பாளரின் முகவராக இருந்தால், மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம்.

கட்டு ஊழியருக்கு மட்டும் அன்று, வேட்பாளருக்கும் உண்டு. அரசாங்கத்தில் ஊதியம் தரும் பதவியில் இருந்துகொண்டே ஒருவர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ போட்டியிட இயலாது. பதவியைத் துறந்த பின்னரே வேட்பாளராக நிற்கலாம். மேலும், சட்டம் குறிப்பிடும் வகைகளைச் சேர்ந்த அரசு அலுவலரின் உதவியைத் தம் வெற்றிக்காகப் பெறும் வேட்பாளர், ஊழல் நடவடிக்கை என்னும் குற்றத்துக்கு ஆளாவார். அவர் பெற்ற வெற்றியே செல்லாததாகிவிடும்.

இது ஏட்டில் உறங்கும் சட்டம் என்று எண்ணிவிட வேண்டா. 1971 ஆம் ஆண்டில் ரேபரேலி தொகுதியில் திருமதி இந்திரா காந்தி பெற்ற வெற்றியை எதிர்த்து, ராஜ் நாராயண் வழக்குத் தொடுத்தார். பிரதமர் செயலகத்தில் அலுவலராக இருந்த யஷ்பால் கபூர் பதவியில் இருந்தபோதே தேர்தல் வேலை செய்தார் என்பதும், மேடைகளும் ஒலிபெருக்கி வசதியும் அமைக்க மாநில அலுவலர் உதவினர் என்பதும் நிலைநாட்டப்பட்டதாக அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன் லால் சின்கா கருதினார். 1975 ஜூன் 12 ஆம் நாள் அத்தேர்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தார். பின்னர் நாடாளுமன்றம் சட்டத்தையே முன்தேதியிட்டுத் திருத்தியது. அவ்வாண்டு நவம்பரில் உச்சநீதிமன்றம் அவரது வெற்றியை உறுதி செய்தது. ஆயினும், நாட்டின் பிரதமரும் இச்சட்டத்தின் முன் நின்று விடை கூற நேர்ந்தது என்பதை மறக்கலாகாது.

பிற நாடுகளிலும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, அரசின் வேலை நிவாரணத் திட்டத்தில் பிழைத்து வந்த ஏழைகளிடம் வாக்கும் நன்கொடையும் கேட்டு வற்புறுத்தினர் என்ற புகார் எழுந்தது. மறு ஆண்டில் செனட்டர் கார்ல் ஹாட்ச் முன்மொழிந்த சட்டம் பிறந்தது. 1993 இல் அது ஓரளவு தளர்த்தப்பட்டது. பணி நேரத்துக்கு வெளியே பெரும்பாலான ஊழியர் அரசியலில் பங்கு கொள்ள இடம் தரப்பட்டது. எனினும், பதவியின் அதிகாரத்தைத் தேர்தலுக்குப் பயன்படுத்தலாகாது என்ற தடை அப்படியே நிற்கிறது. கட்டின் அளவைப் பற்றி அறிஞர் மாறுபடலாம். கட்டே வேண்டா என்பார் அரியர்.

இனி என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, என் பழைய மாணவர் ஒருவர் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். நல்ல மனிதர். ஒரு நாள் மாலை, பழத்தட்டுடன் வீட்டுக்கு வந்தார். "ஐயா, தாங்கள் பேச வேண்டா. மேடையில் வந்து அமர்ந்தால் போதும், ஊர் புரிந்துகொள்ளும்" என்றார். "தம்பி, ஊர் புரிந்துகொள்ளும் என்பதனாலேயே நான் வரலாகாது" என்றேன். அவர் முகம் வாடியது. தேர்தலில் அவர் தோற்றார். அதன் பின் என் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. அந்த வருத்தம் இன்றும் எனக்கு உண்டு.

அதே தேர்தலில், வேறொரு தொகுதியின் சிற்றூரில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக நான் பணியாற்றினேன். காலையிலிருந்து ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்த முகவர்கள், இரவில் விளக்கொளியில் வாக்குக் கணக்கின் படிவத்தை என்னிடமிருந்து பெற்றுக்கொண்டனர். அவர்களுள் முதியவர் ஒருவர், "வாத்தியார் ஐயா எழுதினால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும்" என்றார். எந்தக் கட்சி மேடையிலாவது நான் அமர்ந்திருந்து, அதை அவர் கண்டிருந்தால், அச்சொல்லைச் சொல்லியிருப்பாரா?

மாணவர்களே, உங்கள் கேள்விக்கு இதுவே என் விடை. சாதிச் சான்றிதழுக்கு மனுக் கொடுக்க வருபவர், மேசைக்கு அப்பால் இருப்பவர் எந்தக் கட்சியினர் என்று அஞ்சி நிற்கலாகாது. அவ்வாறே, மேசைக்கு அப்பால் இருக்கும் எளிய ஊழியரும், வலியவர் ஒருவர் கொடி பிடிக்க அழைக்கும்போது, "விதி இடம் தரவில்லை" என்று தலை நிமிர்ந்து சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அன்று அந்த விதி இல்லாதிருந்தால், என் அன்பு மாணவருக்கு மறுமொழி சொல்ல எனக்கு நா எழுந்திராது. ஊழியரின் கையைக் கட்டும் அவ்விதியே அவரைக் காக்கும் கவசமாகவும் நிற்கிறது.

நாளை உங்களுள் பலர் அரசுப் பணியில் அமர்வீர்கள்; சிலர் வேட்பாளராகவும் நிற்பீர்கள். அன்று, கேட்கத் தகாத உதவியைக் கேளாதிருங்கள். கேட்டவர்க்கு மறுக்கும் துணிவையும் பெற்றிருங்கள்.