ஊரும் சேரியும்
(செங்கற்பட்டில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)



ஒரே பொருளுக்குப் பல சொற்கள் இருப்பது பாஷைக்குப் பெருமை என்று பண்டிதர்கள் சொல்லுவார்கள். நாம் அதை ஆட்சேபிக்கவில்லை. ஆனால், அச்சொற்களுக்குள் இருக்கும் நுட்பமான வித்தியாசம் எதனால் உண்டாயிற்று என்பதை மாத்திரம் சற்று யோசித்துப் பாருங்கள் என்கின்றோம்.

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் குப்பங்களும், கல்பாக்கமும், சதுரங்கப்பட்டினமும் வருகின்றன. புரம், குப்பம், பாக்கம், பட்டினம் எல்லாம் மனிதர் கூடி வாழும் இடமேயாகும். கப்பல் வந்து போன துறை பட்டினம்; வலைவீசிப் பிழைப்போரின் சிற்றூர் குப்பம். தொழிலாலும் இடத்தாலும் வந்த இந்த வித்தியாசத்தில் இழிவுக்கு இடமே இல்லை. அப்படியிருந்தும் சென்னையில் ஒருவனை மட்டந்தட்டக் "குப்பத்து ஆள்" என்கின்றார்கள். மீனைத் தின்ன வெட்கமில்லை. மீன் பிடிப்பவன் ஊர்ப்பெயர் மாத்திரம் வசவு!

இனி ஊர், சேரி என்பவைகளைப் பாருங்கள். சேரி என்றால் பலர் சேர்ந்து வாழும் இடம் என்பதே பொருள். ஆனால் வழக்கத்திலோ "ஊரும் சேரியும்" என்று பிரித்துச் சொல்லுகின்றோம். அதாவது, சேருவதைக் குறிக்கும் சொல்லே ஊரோடு சேரக்கூடாதவர்களின் இடத்துக்குப் பெயராகிவிட்டது.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் வருஷங்களில் வெட்டப்பட்டவை. குடவோலையால் சபைக்கு ஆள் எடுத்த விதத்தை அவை சொல்லுகின்றன. அந்த ஊர் பார்ப்பனர்களுக்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். அதில் 30 குடும்புகள், 12 சேரிகள்! வேதம் ஓதியவர்கள் குடியிருந்த தெருவுக்கும் அன்று சேரி என்றே பெயர்.

அதற்கு நூறு வருஷத்திற்குள், ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்கள் வருகின்றன. "தீண்டா" என்று முன்னால் ஒட்ட வேண்டியிருந்தது என்றால், சேரி என்ற சொல்லில் மாத்திரம் தீண்டாமை இல்லை என்றுதானே அர்த்தம்? பின்னால் ஒட்டு மறைந்தது. அதன் விஷம் சொல்லில் தங்கிவிட்டது.

விஷம் தங்குவானேன்? 1891-இல் இந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையைப் பற்றிச் சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். குடியிருந்த மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. மிராசுதாரர் நினைத்தால் குடிசையை விட்டே விரட்டலாம் என்ற நிலை. ஆகவே, இழிவு சொல்லிலிருந்து மனிதனுக்கு வரவில்லை. மனிதனுக்குச் செய்த கொடுமையிலிருந்தே சொல்லுக்கு வந்தது.

இதற்கு இன்னொரு சாட்சி "காலனி". சேரி என்பது கேவலமென்று அந்த இங்கிலீஷ் வார்த்தையைக் கொண்டுவந்தார்கள். ரயில்வே காலனி, பாங்க் காலனி என்றால் கௌரவம். கிராமத்தில் "காலனிக்காரன்" என்றால் ஜாதி! கடைசியாக 2025 ஏப்ரலில், அச்சொல்லை அரசாங்க ஆவணங்களிலிருந்தும் பொது வழக்கிலிருந்தும் நீக்குவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். நாம் அதை மனமார வரவேற்கின்றோம். ஆனால் தெரு தனி, கிணறு தனி, சுடுகாடு தனி என்று வைத்துக்கொண்டு பெயரை மாத்திரம் மாற்றினால், நாளை புதுப்பெயரும் நாறாதா?

அதற்காகப் பெயரை மாற்றவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் சவுந்தரபாண்டியன் அவர்கள் தலைமையில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாடு, பெயருக்குப் பின்னுள்ள ஜாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானித்தது. பெயரும் போகவேண்டும், பேதமும் போகவேண்டும். 1997-இல் தொடங்கிய சமத்துவபுரத் திட்டத்தில் பல ஜாதியாரையும் அடுத்தடுத்த வீடுகளில் குடிவைத்த பிறகே அந்தப் பெயருக்கு அர்த்தம் கிடைத்தது.

ஆகவே தோழர்களே! இரண்டு சொற்களுக்குள் வித்தியாசம் கண்டால், அது பொருளால் வந்ததா, பிறப்பால் வந்ததா என்று கேளுங்கள். பொருளால் வந்ததானால் போற்றுங்கள். பிறப்பால் வந்ததானால் வாயிலிருந்து அச்சொல்லையும், தெருவிலிருந்து அந்தப் பிரிவையும் ஒன்றாகவே ஒழியுங்கள்.