ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கிறது நம் வரலாறு

(தோட்டக் கமிட்டியும் மாதர் அணியும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் தோட்டத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கம்பளை, தெல்தோட்டைப் பக்கம் போய்வந்தோம். வயதான அம்மாமார், கொழுந்து எடுக்கும் தங்கைமார், ஏ.எல். படிக்கும் பிள்ளைகள் என்று எல்லோரும் வந்தார்கள். "சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா, டூர் போகிறார்களே?" என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்று பேசுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் தாத்தா பேரைக் கேட்டால் சொல்லிவிடுகிறார்கள். தாத்தாவின் அப்பா பேரைக் கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடும். எந்த ஊரிலிருந்து வந்தோம் என்றால் "இந்தியா" என்பார்கள். இந்தியா ஓர் ஊரா? நமக்கு மாவட்டம் இருந்தது, கிராமம் இருந்தது, குலதெய்வம் இருந்தது. 200 வருடத்துக்குள் அதெல்லாம் ஒரே சொல்லாகச் சுருங்கிவிட்டது.

நாங்கள் முதலில் போனது கம்பளைப் பக்கம். 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்டது அங்கேதான். நம் ஆட்கள் தேயிலைக்கு முன்பே கோப்பிக்கு வந்தவர்கள். மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வழியை நினைத்துத்தான் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நம் மக்கள் நடந்தார்கள்.

கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதை அமைத்திருப்பது பங்களாவில் அல்ல, பழைய லயத்தில். நம் முன்னோர் புழங்கிய கருவிகள், பாத்திரம் பண்டங்கள், பழைய கடதாசிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. எங்களோடு வந்த ஓர் அம்மா கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஒரு கடதாசியை உற்றுப் பார்த்துவிட்டு, "சேர், இந்த மாதிரி ஒண்ணு எங்க ட்ரங்குப் பெட்டியில கெடக்கு. கரையான் அரிச்சிருச்சு, தீபாவளிக்கு வீடு கூட்டும்போது எரிச்சிரலாம்னு இருந்தேன்" என்றார். அது பிரஜாவுரிமை சம்பந்தமான கடதாசி.

தோழர்களே, அந்தக் கடதாசிக்குப் பின்னால் இருப்பதை எண்ணிப் பாருங்கள். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினோம். அடுத்த வருடமே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாடற்றவர் ஆனோம். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கு போட்டார்கள். ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று ஆனது. அண்ணனின் பிள்ளைகள் இன்று கூடலூரிலோ கோத்தகிரியிலோ கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் நாடற்றவர்களாக மிஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழி திறந்தது. இத்தனைக்கும் சாட்சி அந்தக் கரையான் அரித்த கடதாசிதான்.

பிற்பகலில் தெல்தோட்டை வழியாக லூல்கந்துர தோட்டத்துக்குப் போனோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம் அது. அவர் குடியிருந்த வீட்டின் புகைபோக்கி இன்னும் நிற்கிறது. அவர் உட்கார்ந்து மலையைப் பார்த்த கல் ஆசனத்துக்கும் பேர் இருக்கிறது. 1892இல் அவர் இறந்தபோது, அந்த மலையிலிருந்து கண்டி வரை உடலைத் தோளில் சுமந்து போனவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். மஹியாவ மயானத்தில் அவருக்குக் கல்லறை இருக்கிறது, அதில் பேர் இருக்கிறது. சுமந்தவர்களின் பேர் எங்கே இருக்கிறது?

அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 19 ஏக்கரையும் அவர் ஒருவரே வெட்டி, குழி தோண்டி, கன்று நட்டிருக்க முடியாது. அதே ஹேவாஹெட்டப் பக்கம்தான் முல்லோயாவும் இருக்கிறது. 1940 ஜனவரியில் சம்பள உயர்வு கேட்டுப் போராடியபோது பொலிஸ் சுட்டு கோவிந்தன் செத்த தோட்டம் அது. கோவிந்தன் பேர் மட்டும் நமக்குத் தெரிகிறது. காரணம், சங்கம் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தது. சொல்லப்படும் பேர் நிலைக்கும்.

இது பெருமைக்காக மட்டும் சொல்வது அல்ல. ஒரு குடும்பத்தில் தகப்பனார் காலமாகி, சேமலாப நிதிக்கு விண்ணப்பித்தார்கள். செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பேர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அந்த அம்மா மாதக்கணக்கில் கந்தோர் கந்தோராக அலைந்தார். போன ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போச்சு. கடைசியில் உதவியது, பெட்டியின் அடியில் கிடந்த பழைய குடும்பக் கடதாசி. நாளைக்குக் காணி உறுதி கேட்டுப் போகும்போதும், "இங்கே எத்தனை தலைமுறையாக இருக்கிறீர்கள், ஆதாரம் என்ன?" என்று கேட்பார்கள். வாய்ப்பேச்சை ஆதாரமாக எடுக்கமாட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

முதலாவது, பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த ஊர், எந்தக் கங்காணியின் ஆட்கள், முதலில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார்கள், குலதெய்வம் எது, இந்தியாவுக்குப் போன உறவினர் யார் என்று கேட்டு, பிள்ளைகள் ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதட்டும். தோட்டத்தின் இங்கிலிஷ் பேரோடு நாம் கூப்பிடும் தமிழ்ப் பேரையும் எழுதுங்கள். பெண்களின் பேரை விட்டுவிடாதீர்கள். பாட்டியும் பூட்டியும் உழைத்த உழைப்பில்தான் இந்த மலை பச்சையாக நிற்கிறது.

இரண்டாவது, பெட்டியைத் திறங்கள். துண்டு, பழைய பாஸ்போட், பிரஜாவுரிமைச் சான்றிதழ், பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், சம்பளச் சிட்டை, இந்தியாவிலிருந்து வந்த கடிதம், எதையும் எரிக்காதீர்கள். ஈரம் படாமல் உறையில் போட்டு வையுங்கள்.

மூன்றாவது, பேர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஆள் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவு இருக்கிறது. விண்ணப்பம் நிரப்பவும், தேவைப்பட்டால் சத்தியக்கடதாசி முடிக்கவும் கமிட்டி உதவும்.

மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள், என்னிடமும் கொடுக்க வேண்டாம். போட்டோப் பிரதி போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்போம். கொப்பியோடு வாருங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் சொல்லியனுப்புங்கள், வீட்டுக்கே வந்து எழுதிக்கொள்கிறோம். நம் தோட்டத்தில் 80 வயதைத் தாண்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கவேண்டியதை இந்த மாதமே கேட்டுவிடுவோம்.