குரோஷாச் சதுரங்களை இணைத்துப் பை செய்தல்
(ஐக்கிய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



குரோஷா ஊசி நம் ஸ்திரீகளுக்குப் புதியதன்று. ஆகையால் சதுரம் பின்னும் விதத்தைக் குறித்து நான் பேசப்போவதில்லை. அது உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாய்த் தெரியும். பின்னிய சதுரங்களை இணைப்பதைப் பற்றியே சொல்ல வந்தேன். சங்கத்தின் பணம் கரைவது அந்த இடத்தில்தான்.

ஒரு சந்தைப் பையை எடுத்துக்கொள்வோம். அடிக்கு 2 சதுரம், முன்புறம் 4, பின்புறம் 4, பக்கம் ஒன்றுக்கு 2 வீதம் 4. ஆக 14 சதுரங்கள். சதுரம் 5 அங்குலமாயின் பை 10 அங்குல அகலமும், 10 அங்குல உயரமும், 5 அங்குலக் கனமும் உடையதாகும். 14 சதுரங்களுக்கு 56 ஓரங்கள். வாய்க்கு 6 ஓரங்களை விட்டால் மிகுந்த 50 ஓரங்களும் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து 25 மூட்டுகள் ஆகின்றன. 5 சுற்றுப் போட்ட சதுரத்தில் ஓரம் ஒன்றுக்கு மும்மூன்று கண்ணாக 5 கொத்து, அதாவது 15 கண்கள். ஆகவே மூலைகளைச் சேர்க்காமலே 375 முறை ஊசி செல்லவேண்டும். இவ்வளவு வேலையை ஒன்றுமில்லாததாக எண்ணுவது எப்படி நியாயமாகும்?

நான் அறிந்த ஒரு சங்கத்தில் பல வீட்டுச் சதுரங்களை ஒரே கூடையில் கொட்டி, கைக்கு வந்ததை எடுத்து இணைத்தார்கள். எல்லாவற்றிலும் கண்களின் கணக்குச் சரியே. ஆயினும் ஒருத்தி நூலை இறுக்கிப் பிடிப்பாள், மற்றொருத்தி தளரவிடுவாள். பை ஒரு பக்கம் சுருங்கி, மறுபக்கம் தொங்கியது. வியாபாரி திருப்பிவிட்டார். பழி யார் மேல் விழுந்ததென்றால், இணைத்தவள் மேல். அவள் ஒரு சதுரமும் பின்னினவள் அல்லள்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒரு கையின் வேலை ஒரு பைக்கே செல்லட்டும். அது இயலாதபோது, 5 அங்குல மரச்சட்டம் ஒன்றைச் சங்கத்தில் வைத்து, சதுரத்தை வாங்கும்போதே அதில் இட்டுப் பார்க்கவேண்டும். சிறிது குறைந்ததை நனைத்து, பலகையில் துருப்பிடியாத ஊசிகளால் இழுத்துக் குத்தி, நிழலில் உலர்த்தலாம். அரை அங்குலம் மிகுந்ததை எந்தச் சாமர்த்தியத்தாலும் மறைக்க முடியாது. பிரித்துப் பின்னச் சொல்லுங்கள்.

இனி, இணைக்கும் வரிசை. ஆறு ஆறு சதுரங்களாக இரண்டு வரிசைகளை மேலும் கீழுமாக அடுக்கி, நடுவிலுள்ள நீண்ட மூட்டை நூலை அறுக்காமல் ஒரே ஓட்டமாய் முடிக்கவேண்டும். பின்பு குறுக்கு மூட்டுகள். கடைசி மூட்டில் அது குழாய்போல் வளையும். அடிச்சதுரங்கள் இரண்டையும் சேர்த்து, அதன் கீழ்விளிம்பில் பொருத்துங்கள். அடியின் நான்கு மூலைகளும் குறுக்கு மூட்டுகளின்மேல் சரியாய் விழவேண்டும். மூன்று சதுரங்கள் கூடும் அம்மூலைகளில் துவாரம் விழும். நூலை இருமுறை செலுத்துக. பாரம் தாங்குவது அடி மூட்டுகள். ஆதலால் கண்ணின் இரண்டு இழைகளையும் கோத்து எடுக்கவேண்டும். ஓர் இழையை மட்டும் எடுத்தால் பார்வைக்கு அழகு. தேங்காய் நான்கு போட்டால் அழகு தெரியும்.

சிலர் கடைசிச் சுற்றிலேயே சதுரங்களைக் கோத்துக்கொண்டு போவதுண்டு. நூலும் நேரமும் மிச்சந்தான். ஆனால் நடுவில் ஒரு சதுரம் கெட்டிருந்தால் எடுப்பது பெரும்பாடு. பலர் கூடிச் செய்யும் வேலைக்கு அதை நான் சொல்லமாட்டேன். பின்னிய காதும் வேண்டாம், பாரத்தில் நீண்டுவிடும். நெய்த பருத்தி நாடாவை உள்ளே அடிவரை இறக்கித் தைப்பதே உத்தமம்.

கூலி விஷயம் ஒன்று உண்டு. மேற்கு கோதாவரி ஜில்லாவைச் சேர்ந்த நர்சாபூரில் குரோஷா லேஸ் நெடுநாளைய தொழில். அங்கே பூப் பின்னுவது ஒருத்தி, அவற்றை இணைப்பது வேறொருத்தி. இணைக்கும் வேலைக்குத் தெலுங்கில் அதுகுபனி என்று தனிப்பெயரே உண்டு. மரியா மீஸ் என்னும் அம்மையார் 1982-ல் வெளியிட்ட நூலில், வீட்டிலிருந்து உலகச் சந்தைக்கு உழைத்த அப்பெண்கள் வெறும் இல்லத்தரசிகளாகவே கருதப்பட்டதையும், வியாபாரம் ஆண்கள் கையில் இருந்ததையும் விவரித்திருக்கிறார்.

நம் சங்கத்தில் சதுரத்துக்கு ஒரு விலை எழுதியிருக்கிறோம். மூட்டுக்கு எழுதவில்லை. 25 மூட்டுகளுக்கு என்ன கூலி என்பதை, அடுத்த நூல்கட்டைப் பிரிக்குமுன், இணைக்கும் பெண்களையும் அருகில் வைத்துக்கொண்டு தீர்மானப் புத்தகத்தில் எழுதவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.