ஜென்டில்மேன்னா யாரு?

கிரிக்கெட்டை ‘ஜென்டில்மேன்ஸ் கேம்’னு சொல்றோம் இல்லையா? யாரு அந்த ஜென்டில்மேன்?

இங்கிலாந்துல 1962 வரைக்கும் ‘ஜென்டில்மேன்’ அணிக்கும் ‘பிளேயர்ஸ்’ அணிக்கும் மேட்ச் நடந்துச்சு. சம்பளம் வாங்காம ஆடுற வசதியான வீட்டுப் பிள்ளைங்க ஜென்டில்மேன். காசுக்கு ஆடுறவங்க பிளேயர்ஸ். டிரெஸ்ஸிங் ரூமே தனித்தனி. ஸ்கோர் கார்டுல இனிஷியல் பேருக்கு முன்னாடி இருந்தா ஜென்டில்மேன், பின்னாடி இருந்தா பிளேயர். ஆக, குணத்துக்கும் அந்தப் பட்டத்துக்கும் சம்பந்தமே இல்ல.

இப்போ 1980, பம்பாய் டெஸ்டுக்கு வருவோம். இங்கிலாந்து தடுமாறிட்டு இருக்கு. பாப் டெய்லருக்கு அம்பயர் கேட்ச் அவுட் கொடுத்துட்டார். ஆனா பந்து பேட்ல படலன்னு நம்ம கேப்டன் ஜி.ஆர். விஸ்வநாத்துக்குத் தோணுச்சு. அம்பயர்கிட்ட பேசி, டெய்லரைத் திரும்ப ஆட வெச்சார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து மொத்தம் 171 ரன் எடுத்தாங்க. இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்துல தோத்துச்சு.

தீர்ப்பு விஸ்வநாத் பக்கம்தான் இருந்துச்சு. அவர் சும்மா நின்னிருந்தாலே போதும்.

ஒரு பொண்ணுக்குக் கதவைத் திறந்துவிடுறது நல்ல பழக்கம்தான். ஆனா அதுல நமக்கு எந்த நஷ்டமும் இல்ல. கூட வேலை பார்க்கிற பொண்ணு சொன்ன ஐடியாவுக்கு, மீட்டிங்ல மேனேஜர் உங்களைப் பாராட்டுறார்னு வைங்க. அதுவும் அப்ரைசல் மாசம். “சார், அது அவங்க ஐடியா”ன்னு சொல்ல வாய் வருமா? அங்கதான் தெரியும், யாரு ஜென்டில்மேன்னு.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.